ஒரு பல் குறைவாக

என் மனைவியைத் தெருவில் எல்லோரும் பல்லெண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு இது பொறுக்கவில்லை. கணக்கு வாத்தியார் பெண்டாட்டிக்கு வைக்கிற பேரா இது என்று பக்கத்து டயர்க்கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "எண்ணுறதைத்தானே சொல்றாங்க, எண்ணாததையா சொல்றாங்க? வாங்க வீட்டுக்கு" என்றாள். சண்டை போடுவதை விட்டேனே தவிர, அந்தப் பேரை என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் எண்ணுவது வண்டியின் பல். லாரி, ஜீப் மாதிரி வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை தெரியும். டிஃபரன்ஷியல் என்பது அதுதான். உள்ளே பெரிய பல்சக்கரம் ஒன்று, அதற்குக் கிரவுன் என்று பேர். அதைச் சுற்றவைக்கிற சின்னப் பல்சக்கரம் பினியன். பெரியதன் பல்லைச் சின்னதன் பல்லால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண் பெரிதாக இருந்தால் வண்டிக்கு இழுவை கூடும், வேகம் குறையும். சிறிதாக இருந்தால் வேகம் கூடும், இழுவை குறையும். விஷயம் இவ்வளவுதான். இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு லாரிப் பட்டறையில் சாமான் கழுவிக்கொண்டிருந்தாள். கழற்றிப் போடுகிற பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, சாக்கின் மேல் பரப்பி வைக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதேதான். சலிப்புத் தட்டாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பல்லை எண்ண ஆரம்பித்திருக்கிறாள். எது எதனுடைய ஜோடி என்பது அந்தப் பட்டறையில் அவளுக்கு மட்டும் மனப்பாடம்.

ஒருநாள் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒன்று வந்ததாம். அந்த மாதிரி வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு டிஃபரன்ஷியல். இரண்டிலும் வகுத்து வரும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு வேகத்தில் ஓடப் பார்க்கும், பின் சக்கரம் இன்னொரு வேகத்தில் ஓடப் பார்க்கும், நடுவில் ஏதாவது ஒன்று உடையும். தலைமை மெக்கானிக் எல்லாவற்றையும் பூட்டி முடிக்கிற நேரத்தில் இவள் போய், "அண்ணே, முன்னாடி பினியன் ஒம்பது பல்லு, பின்னாடி பதினொண்ணு. ஒத்துப்போகாதுண்ணே" என்றிருக்கிறாள். "நீ கழுவுற வேலையைப் பாரு" என்றிருக்கிறார் அவர். மறுநாள் அந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த டிஃபரன்ஷியலை மூடுவதற்கு முன்னாலும், "ஏம்மா, எண்ணிட்டியா?" என்று குரல் கொடுப்பாராம்.

இப்போது எங்கள் வீட்டை ஒட்டி அவளுக்குச் சொந்தமாகத் தகரக் கூரைப் பட்டறை இருக்கிறது. சாமான் வருகிற பெட்டியில் என்ன எண் அச்சடித்திருந்தாலும் நம்ப மாட்டாள். தானே எண்ணினால்தான் உண்டு.

அந்தப் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை ஜெட் வந்தான். எங்களுக்குத் தெரிந்த வண்டிக்காரன். மெயின்ரோட்டில் அவன் ஓட்டுகிற ஓட்டத்தைப் பார்த்து யாரோ வைத்த பேர் அது. அவனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை, வண்டிக் கண்ணாடியிலேயே எழுதி வைத்திருந்தான். அவனுடைய ஊர் மலைக்கு அந்தப் பக்கம், பள்ளத்துக்குள் இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே வர ஒரே வழிதான். கல்லும் சேறுமான பாதையில் ஏறி, மலை முகட்டைத் தாண்டி, இந்தப் பக்கம் இறங்கி, பிறகு பதினோரு கிலோமீட்டர் மெயின்ரோட்டில் வந்தால் எங்கள் ஊரும் ஆஸ்பத்திரியும். அந்த ஊருக்கு இருப்பது நாலு சக்கரமும் இழுக்கிற அவன் வண்டி ஒன்றுதான்.

முகட்டுக்குக் கீழே கடைசியாக ஒரு செங்குத்து மேடு. ஆள் ஏற்றிக்கொண்டு வண்டி அதில் ஏறியதே கிடையாது. பிளந்து நிற்கிற பாறை ஒன்று வரும். அங்கே வண்டி நின்றதும் யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கி, வழுக்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மேடு முழுக்க நடந்து ஏறுவார்கள். வண்டி வெறுமனே ஏறி மேலே காத்திருக்கும். சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் பாறையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிடும். அந்த இடத்துக்குப் பேரே இறங்குமேடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெட்டின் மனைவியும் வலியோடு அந்த மேட்டில் இறங்கியிருக்கிறாள். இரண்டு பெண்கள் தோளில் தொங்கிக்கொண்டு பாதி தூரம் ஏறினாள். அதற்கு மேல் முடியவில்லை. சுற்றிலும் போர்வையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பிரசவம் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் உயிர் பிழைத்ததுதான் பெரும்பாடு. இப்போது மறுபடியும் அவளுக்கு ஐந்தாவது மாசம்.

வண்டியின் அடி பாறையில் இடிக்கிறது, அதனால்தான் ஏறவில்லை என்று யாரோ சொல்ல, ஜெட் வண்டியைத் தூக்கிக் கட்டிப் பெரிய டயராக மாட்டிவிட்டான். இருபத்தொன்பது அங்குலம் இருந்த இடத்தில் முப்பத்தைந்து. பார்க்க ராஜா மாதிரிதான் நின்றது. ஆனால் டயர் பெரிதானால் இழுவை குறையும். முன்பு வெறும் வண்டியாகவாவது ஏறிக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் திக்கித் திணறியது. மேடேறத் தனியாக லோ கியர் வைத்த வண்டிகள் உண்டு. அவன் வண்டியில் அதுவும் இல்லை. கிளட்ச் தீய்ந்த நாற்றம் பட்டறை வாசலிலேயே அடித்தது.

"அக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றான். "எம்பொண்டாட்டி மறுபடியும் அந்த மேட்டை நடந்து ஏறக் கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம். இருபத்தொன்பது, முப்பத்தைந்து என்று எண்கள் காதில் விழுந்த பிறகு எனக்கு எங்கே கை சும்மா இருக்கும்? சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தகரக் கதவில் கணக்கைப் போட ஆரம்பித்தேன். இப்போது இருக்கும் ஜோடி நாற்பத்தொன்றுக்குப் பதினொன்று, அதாவது மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அதை முப்பத்தைந்தால் பெருக்கி இருபத்தொன்பதால் வகுத்தேன். கச்சிதமாக நாலரை வந்தது. அந்த வண்டிக்குக் கிடைக்கிற ஜோடிகளில் நாற்பத்தொன்றுக்கு ஒன்பது என்று ஒன்று உண்டு, நாலரைக்கு ஒரு துளி மேல். "ஒம்பது பல்லு பினியன்! முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. முடிஞ்சுது" என்று அடியில் இரட்டைக் கோடு இழுத்தேன்.

"வாத்தியார்னா வாத்தியார்தான்" என்றான் ஜெட். டயர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மனைவி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கதவைப் பார்த்தாள். பிறகு ஜெட்டிடம், "பழைய டயரு இருந்தப்ப, ஆளுங்களை ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறுச்சா?" என்று கேட்டாள்.

"ஏதுக்கா? எறக்கிவிட்டுத்தான் ஏறும்."

"அப்ப இவரு கணக்குப்படி மாட்டினா, பழையபடி எறக்கிவிடலாம்" என்றாள்.

டயர்க்கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. என் கணக்கில் ஒரு புள்ளி தப்பில்லை. பெரிய டயரால் போன இழுவையை அது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பழைய இழுவைதான் ஒரு பிள்ளைத்தாச்சியை நடக்கவைத்தது. இதை நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் அவளே அவன் வண்டியில் ஏறி அந்த ஊருக்குப் போய் வந்தாள். பாதை தெரியாமல் பல்லைத் தேர்ந்தெடுக்க மாட்டாள், அது அவள் வழக்கம். கையில் நோட்டு, கீட்டு எதுவும் கிடையாது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி திணறி அவன் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் இடது முன்கையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலக் கோடுகள். எண்ணி முடிக்கிற வரை கையைக் கழுவ மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"பினியன் எட்டுப் பல்லு" என்றாள் கடைசியில். "ஒரு பல்லு கொறைக்கணும்."

நாற்பத்தொன்றை எட்டால் வகுத்தால் ஐந்துக்கு மேல். பழைய டயரில் இருந்ததைவிடவும் ஏழில் ஒரு பங்கு கூடுதல் இழுவை. ஜெட்டிடம் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"அக்கா, அப்படின்னா மெயின்ரோட்டுல அறுபதுக்கு மேல போனா இஞ்சின் கத்துமே. பஸ்காரன், வேன்காரன் எல்லாம் கையை ஆட்டிக்கிட்டே தாண்டிப் போவான். எம்பேரு என்னக்கா ஆகுறது?" என்றான். கதவில் அழியாமல் இருந்த என் கணக்கைக் காட்டினான். "சார் ஒம்பதுன்னுதானே போட்டிருக்காரு? ஒம்பதே மாட்டிடுங்கக்கா. சாருக்குத் தெரியாததா?"

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவன் பார்த்தான், டயர்க்கடைக்காரர் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் நான். பிள்ளைகளுக்கு முன்னால் தப்பு என்று ஒத்துக்கொண்ட நாட்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். உள்ளுக்குள் எரிச்சல் எரிச்சலாக வந்தது. எழுந்து போய் என் கைக்குட்டையாலேயே அந்தக் கணக்கை, இரட்டைக் கோடு உட்பட, அழித்தேன்.

"தம்பி, நான் உன் டயரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். அவ உன் மேட்டைப் பார்த்துட்டு வந்து சொல்றா. அவ சொல்றதைக் கேளு" என்றேன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "மெயின்ரோட்டுல பறந்து போனா எத்தனை நிமிஷம் மிச்சம் புடிக்கிற?"

"ஒரு மூணு, நாலு நிமிஷம் இருக்கும்."

"மேட்டுல எல்லாரும் எறங்கி நடந்து ஏற?"

"அரை மணி நேரம்" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் எழுதியிருந்த தன் பேரைப் பார்த்தான். "சரிக்கா. எட்டே மாட்டுங்க."

ஜோடிகள் இரண்டும் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பிரித்ததும் நான் எண்ணுகிறேன் என்று முன்வந்தேன். பெரியதை முதல் தடவை எண்ணியபோது நாற்பத்திரண்டு வந்தது. இரண்டாம் தடவை நாற்பது. "தப்பான சாமான் அனுப்பிட்டான்!" என்று நான் குதித்தேன். அவள் என் பையிலிருந்தே சாக்பீஸை எடுத்து முதல் பல்லில் ஒரு புள்ளி வைத்தாள். வட்டமான சாமானில் எங்கே ஆரம்பித்தோம் என்று குறி வைக்காமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாம் தடவை சரியாக நாற்பத்தொன்று. இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

பூட்டுவதற்கு நாலு நாள் பிடித்தது. பல்லில் மஞ்சள் சாயத்தைத் தடவி, சுற்றிப் பார்ப்பாள். சின்னது பெரியதைத் தொடுகிற இடத்தில் சாயம் விலகித் தடம் தெரியும். அந்தத் தடம் பல்லுக்கு நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் சீக்கிரம் தேய்ந்து ஊளையிடும், ஒருநாள் உடையும். பின்பக்கம் முதல் தடவை ஓரத்தில்தான் விழுந்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, காகிதம் மாதிரி மெல்லிய வளையம் ஒன்றைக் கொடுத்துப் பூட்டினாள். திரும்பவும் சாயம், திரும்பவும் கழற்றல். ஐந்தாவது தடவைதான் அவளுக்குத் திருப்தி. ஜெட் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். "போதுமேக்கா, இதுவே நல்லாத்தானே இருக்கு" என்று நாலாவது தடவை கெஞ்சினான். "உக்காரப் போறது ஒம்பொண்டாட்டி" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

இரண்டையும் மூடுவதற்கு முன்னால் விளக்கு பிடித்துக்கொண்டிருந்த என்னிடம், "என்னங்க, எண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். என் உத்தியோகத்தில் எனக்கு இரண்டு பாராட்டுப் பத்திரம் உண்டு. அவற்றை வாங்கியபோது இப்படி இருந்ததில்லை.

அதோடும் முடியவில்லை. புதுப் பல் ஒன்றுக்கொன்று பழக வேண்டும், எண்ணூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் மெதுவாக ஓட்டு என்றாள். ஜெட் ஐம்பதில் ஓட்டினான். அவனைப் பஸ் தாண்டியது, பால் வண்டி தாண்டியது. ஒரு ஸ்கூட்டர் தாண்டியபோது அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிக் கும்பிடு போட்டாராம். ஒரே ஒரு ஆறுதல் அவனுக்கு. பல் மாறியதால் அறுபதில் போனால் வேகம் காட்டுகிற முள் அறுபத்தெட்டைக் காட்டியது. அதைச் சரிபண்ணித் தருகிறேன் என்றாள் என் மனைவி. "அதுவாவது இருந்துட்டுப் போகட்டுமேக்கா" என்றான்.

ஜெட்டின் மனைவிக்கு எட்டு மாசம் முடிந்ததும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வந்து தங்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியை அழைத்துவரும் நாளில் எங்களையும் கூடவே வரச் சொன்னான் ஜெட். பட்டறையில் வேலை முடிந்த பிறகு ஆள் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. காலையில் போய், மத்தியானம் அங்கிருந்து கிளம்பினோம். முன்னால் ஜெட், நடுவில் அவன் மனைவி, ஓரத்தில் பேனாவோடு என் மனைவி. பின்னால் என்னையும் சேர்த்துப் பதினாலு பேர், கூடவே மூட்டை முடிச்சுகள். ஏறாமல் பாதியில் நின்றுவிட்டால் அந்தப் பெண் இறங்கித்தான் ஆக வேண்டும். அதை என் மனைவி உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

பிளந்த பாறை வந்தது. பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். செருப்புகள் கைக்கு வந்துவிட்டன.

"யாரும் எறங்க வேணாம்! உக்காருங்க!" என்று முன்னாலிருந்து ஜெட் கத்தினான்.

வண்டி நிற்கவில்லை. ஆனால் எங்களோடு வந்த அந்த ஊர்த் தபால்காரர் பழக்கதோஷத்தில் குதித்தேவிட்டார். குதித்தவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏய், நில்லுப்பா!" என்று பின்னாலேயே ஓடி வந்தார். மேட்டு நடுவில் யாருக்காகவும் நிறுத்துகிற மாதிரி ஜெட் இல்லை. மற்றவர்கள் உட்காரவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி நின்றபடியே இருந்தார்கள். வண்டி ரொம்ப மெதுவாகத்தான் ஏறியது, கீழே ஒவ்வொரு கல்லையும் என்னால் பார்க்க முடிந்தது. இஞ்சின் சத்தம் இறங்குமா, இப்போது இறங்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். இறங்கவே இல்லை. பாதி மேட்டில் இரண்டு பெண்கள் வலது பக்கம் திரும்பி ஓர் இடத்தைப் பார்த்தார்கள். போர்வை பிடித்தவர்களாக இருக்க வேண்டும். வண்டி அந்த இடத்தைத் தாண்டியது.

முகட்டில் ஏறி நின்றதும் நான் குதித்து முன்பக்கம் ஓடினேன். ஜெட் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்திருந்தான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என் மனைவியின் முன்கையில் மேட்டின் அடிவாரம் வரைக்கும் ஐந்தாறு கோடுகள், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஜெட்டின் மனைவி குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, செருப்பு கால்லயே இருக்குக்கா" என்றாள்.

என் மனைவி இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தாள். எண்ணெய்த் துணி என்றும் பாராமல் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

அதற்குள் தபால்காரர் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "யாருய்யா இதைச் செஞ்சது? எந்த மெக்கானிக்கு?" என்று கேட்டார்.

யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"பல்லெண்ணி" என்றேன். "எம்பொண்டாட்டி."